கர்னலின் சிபாரிசு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: கனடா தேசத்தின் வடக்கு எல்லை, அதன் பனிக்கடல், அந்தப் பனிக்கடலுக்கு அடியில் திருட்டுத்தனமாக வந்து போகும் அந்நிய நீர்மூழ்கிக் கப்பல்கள் ஆகிய அனைத்தும் இனிமேல் ஒட்டாவாவின் ஓர்லியன்ஸ் புறநகரில், பச்சைக் கதவு வைத்த வீட்டின் மாடியறையில், செல்வி எலோடி திபோதோவின் நேரடிக் கண்காணிப்பில் இருக்கும். அதற்கென அரசாங்கம் அவளுக்குப் பாதுகாப்புத் துறை ஆய்வு உதவித்தொகை வழங்கியிருக்கிறது. எதிரிகள் தக்க ஏற்பாடுகளைச் செய்துகொள்ளவும்.

மேற்படி அறிவிப்பை ஊருக்குச் சொன்னவர் அவளுடைய அப்பா ஆர்மான் திபோதோ. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார். தபால்காரரிடம் சொன்னார். ஸ்கேட் காலணிக்குச் சாணை பிடிக்கிறவனிடம், அவன் எந்திரத்தை நிறுத்தும்வரை காத்திருந்து சொன்னார்.

ஆர்மான் ராணுவத்தில் இருந்து லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்று வீட்டுக்கு வரும் வழியில் ‘லெப்டினன்ட்’ என்ற பாதி எங்கேயோ தவறி விழுந்துவிட்டது. அவர் குனிந்து எடுக்கவில்லை. அன்றிலிருந்து தெருவுக்கே அவர் கர்னல். பணியில் இருந்த காலம் பூராவும் அவர் கட்டிக் காத்தது ராணுவத்தின் காலுறைக் கிடங்கை. அதை அவர் ‘தளவாடம்’ என்பார். கேட்பவர்கள் பீரங்கியை நினைத்துக்கொள்வார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்.

போன ஞாயிறு விருந்தில் அவர் இரண்டாவது கோப்பை ஒயினைக் கையில் எடுத்துக்கொண்டு ஒன்று சொன்னார். “நூறு பக்கம் எழுதறது ஒரு பக்கம். சரியான ஆளுக்கு ஒரு போன் போடறது இன்னொரு பக்கம்.” சொல்லி முடித்த கையோடு ஒரு முழு உருளைக்கிழங்கை எடுத்து வாயை அடைத்துக்கொண்டார். உடனே அம்மா சொலாஞ்ச், இந்த வருஷம் பனி எவ்வளவு கொட்டியிருக்கிறது பார்த்தீர்களா என்று ஆரம்பித்தாள். அந்த வீட்டில் யாராவது தானாக வாய் திறந்து பனியைப் பற்றிப் பேசினால், எதையோ மூடி மறைக்கிறார்கள் என்று அர்த்தம்.

எலோடிக்கு அன்றோடு தூக்கம் போயிற்று.

அவளுக்குச் சந்தேகம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். வடக்கு எல்லையில் ராணுவக் காவல் சாவடிகள் பெயருக்குத்தான் இருக்கின்றன, உள்ளே ஆள் இல்லை என்பது அவளுடைய ஆய்வு. துறையின் சட்டையைப் பிடித்து உலுக்குவது போல எழுதியிருந்தாள். போன வருஷம் இதே விண்ணப்பத்தைப் போட்டபோது, வருந்துகிறோம் என்று ஒரு வரியில் அனுப்பிவிட்டார்கள். இந்த வருஷம் ஒரு கால்புள்ளிகூட மாற்றாமல் போட்டாள். கொடுத்துவிட்டார்கள்.

அவளுடைய பேராசிரியர் செய்தியைக் கேட்டு மகிழ்ச்சி அடைவதற்குப் பதில் தாடையைச் சொறிந்தார். “அவங்களையே திட்டியிருக்க, அவங்களே பணம் குடுக்கறாங்க. ஒண்ணு, அவங்க படிக்கலை. இல்லைன்னா யாரோ சொல்லியிருக்காங்க.”

யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த வார்த்தை எலோடிக்குப் பழைய புண். பள்ளி முடித்த கோடையில் அப்பா ஒரு வார்த்தை சொல்லி ராணுவ அருங்காட்சியகத்தில் வேலை வாங்கித் தந்தார். அந்தக் கோடை முழுதும் அங்கே அவளுக்குப் பெயரே கிடையாது. ‘கர்னல் பொண்ணு’ மட்டும்தான். ஒரு பீரங்கிக்கு அடியில் இருந்த பலகையில் வருஷம் தப்பு என்று அவள் கண்டுபிடித்தபோது, மேலாளர் பாராட்டவில்லை. “அப்பாகிட்ட சொல்லிடாதம்மா” என்று கெஞ்சினார். இனி அப்பா பெயரால் வருகிற எதையும் தொடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்து, அதை அப்பாவிடமும் சொன்னாள்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. உதவித்தொகை அலுவலகம் மாலையில் மூடுவதற்குள் அவள் ஏற்றுக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் ஆய்வைப் பரணில் போட்டுவிட்டு, டெலிபோன் கம்பெனியில் புகார் கேட்கும் வேலைக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

காலையில் சமையலறைக்கு வந்தபோது அம்மா ரொட்டியை டோஸ்ட் செய்துகொண்டிருந்தாள். அப்பா வெளியே வாசல் பனியை அள்ளிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

“அம்மா, சுத்தி வளைக்காம கேக்கறேன். அப்பா யாருக்கு போன் பண்ணார்?”

“எப்போ?”

“பார்த்தியா. ‘பண்ணலையே’ன்னு உன் வாயில வரலை.”

சொலாஞ்ச் நாடாளுமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். அமைச்சர்கள் ஆங்கிலத்தில் ஒன்றுமே சொல்லாமல் அரை மணி நேரம் பேசுவார்கள். அதைப் பிரெஞ்சில் ஒன்றுமே சொல்லாமல் அதே அரை மணி நேரத்துக்குக் கொண்டுவருவது அவள் தொழில். அவளிடமிருந்து ஒரு பதிலைப் பிடுங்குவது லேசான காரியம் இல்லை.

“டோஸ்ட் ஆறுது பாரு.”

“அம்மா.”

“ஜாம் வேணுமா, வெண்ணெய் போதுமா?”

“அம்மா.”

சொலாஞ்ச் கத்தியைக் கீழே வைத்தாள். “நவம்பர்ல ஒரு நாள் சாயங்காலம் போனைத் தூக்கிக்கிட்டு பேஸ்மென்ட்டுக்குப் போனார். கதவைச் சாத்திக்கிட்டார். நான் துவைச்ச துணியை எடுக்கத்தான் போனேன். ஒட்டுக் கேக்கலை.”

“சரி, ஒட்டுக் கேக்கலை. என்ன கேட்டுது?”

“டை கட்டியிருந்தார்.”

“என்னது?”

“ரெஜிமென்ட் டை, பட்டாளத்துல குடுத்தது. போன்ல பேசறதுக்கு. நின்னுக்கிட்டே பேசினார். ‘சார், சார்’னு வேற.”

எலோடி டோஸ்ட்டைத் தட்டில் போட்டாள். அப்பா பூமியில் ‘சார்’ என்று கூப்பிடும் மனிதர் ஒருவர்தான் மிச்சம். பிரிகேடியர் ஜெனரல் டன்ஸ்மோர். அப்பாவுக்கு மேலதிகாரியாக இருந்தவர். பிறகு இதே உதவித்தொகையைக் கொடுக்கும் துறையில் பெரிய நாற்காலிக்குப் போனவர்.

“அந்த ஆள் இன்னும் அங்கதான் இருக்காரா?”

“யாருக்குத் தெரியும். அந்த மாதிரி ஆளுங்கல்லாம் ரிட்டயர் ஆக மாட்டாங்கடி. மேல மேல போய் ஒரு நாள் கண்ணுக்குத் தெரியாம ஆயிடுவாங்க.”

“நம்பர் இருக்கா?”

“மனப்பாடமா இருக்கு. வேலை முடிஞ்சு அவர் ரூம்ல போய் உக்காந்துட்டு உங்கப்பா வீட்டுக்கு வராத சாயங்காலமெல்லாம் நான் அங்கதானே போட்டுக் கேப்பேன்.” எண்ணைச் சொல்லிவிட்டு, “நான் குடுத்தேன்னு சொல்லாதே” என்றாள்.

சொன்னவள் ஜன்னலுக்குப் போய்த் திரையை இழுத்துவிட்டாள். மூடுவதற்குள் எலோடி பார்த்துவிட்டாள்: எதிர்ச் சாரியில் ஒரு சாம்பல் நிறக் கார் எஞ்சினை அணைக்காமல் நின்றது. நேற்றும் நின்றது. அதற்கு முந்தின நாளும் நின்றது.

“யாரும்மா அது?”

“பனி அள்ற ஆளா இருக்கும்,” என்றாள் சொலாஞ்ச், வெளியே பார்க்காமலேயே.

பனி அள்ளுகிறவனிடம் மண்வாரியாவது இருக்க வேண்டும். காருக்குள் இருந்தவன் கையில் காபிக் கோப்பைதான் இருந்தது. எலோடி அதை மனசில் ஓர் ஓரத்தில் குறித்துக்கொண்டு கோட்டை மாட்டினாள்.

ஆர்மான் திபோதோ பனியைச் சும்மா அள்ளுவதில்லை. நூல் பிடித்தது போல ஓரம் கட்டி, மூலைகளைச் சதுரமாக வெட்டி, அணிவகுப்பு மைதானம் மாதிரி வைப்பார். அதற்குள் நகராட்சி வண்டி வந்து தெருப்பனியை எல்லாம் அவர் வாசலில் தள்ளிவிட்டுப் போகும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

“அப்பா.”

“சத்தம் போடாதே. எதிர்ல பார்க்காதே,” என்றார் அவர், உதடு அசையாமல். “சாம்பல் கார்.”

“அதுக்கென்ன?”

“உன்னை விசாரிக்கறாங்க. பாதுகாப்புத் துறை உதவித்தொகைன்னா சும்மாவா? குடும்பம், அக்கம்பக்கம், குப்பைத்தொட்டி, எல்லாத்தையும் கிளறுவான். அதான் நேத்து நம்ம குப்பையை நானே ஒரு தடவை பார்த்து வெச்சேன்.”

“நம்ம குப்பையில என்னப்பா இருக்கு?”

“ஒண்ணும் இல்ல. அதுதான் ஆபத்து. ஒரு ராணுவ அதிகாரி வீட்டுக் குப்பையில ஒண்ணுமே இல்லைன்னா அவன் என்ன நினைப்பான்? சுத்தப்படுத்திட்டான்னு நினைப்பான். அதனால ரெண்டு பழைய கடற்படைப் பத்திரிகையைக் கிழிச்சுப் போட்டேன்.”

அவர் முகத்தில் கவலை இல்லை. ஒருவிதமான பூரிப்பு இருந்தது. காலுறைக் கிடங்கில் இருந்தவரை எதிரி எவனும் சந்தேகப்பட்டதில்லை. கடைசியில் இப்போதாவது ஒருவன் கார் போட்டு உட்கார்ந்து சந்தேகப்படுகிறான்.

“நவம்பர்ல யாருக்கு போன் பண்ணீங்க?”

மண்வாரி அந்தரத்தில் நின்றது.

“அதை உறுதி செய்யவும் முடியாது, மறுக்கவும் முடியாது.”

“நான் உங்க பொண்ணுப்பா. பத்திரிகைக்காரி இல்ல.”

“பொண்ணுங்கறதாலதான் இந்த அளவாவது சொன்னேன்,” என்றார் ஆர்மான். மண்வாரியைச் சுவரில் சாய்த்து வைத்தார். “எனக்கு மன்றத்துல வேலை இருக்கு.”

வேலை என்று அவர் சொன்னது வெள்ளிக்கிழமைதோறும் முன்னாள் படைவீரர் மன்றத்தில் நடக்கும் இறைச்சிக் குலுக்கல். சீட்டு வாங்கி வைத்துக்கொண்டு, எண்ணைக் கூப்பிட்டால் எழுந்து போய் ஒரு பொட்டலம் இறைச்சி வாங்கிக்கொண்டு வருவது. அதற்கு பிளேசர் போட்டுக்கொண்டு போகிற ஒரே மனிதர் அவர்தான்.

அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் எலோடி மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அம்மா தந்த எண்ணை அழுத்தினாள்.

ஐந்து தடவை மணி அடித்தது. பிறகு கனத்த ஆண் குரல் ஆங்கிலத்தில் பேசியது. “பிரிகேடியர் ஜெனரல் டன்ஸ்மோர். நான் தற்போது என் மேசையில் இல்லை. திங்கட்கிழமை திரும்பி வருவேன். செய்தி சொல்லவும்.” பிறகு அதையே பிரெஞ்சில் சொன்னார். அந்தப் பிரெஞ்சைக் கேட்டால் பிரான்ஸ் தன் தூதரைத் திருப்பி அழைத்துக்கொள்ளும்.

எலோடி செய்தி எதுவும் சொல்லவில்லை. போனை வைத்தாள்.

ஆக, மனிதர் இருக்கிறார். அதே எண்ணில் இருக்கிறார். திங்கட்கிழமை வருகிறாராம். நவம்பரில் அப்பா டை கட்டிக்கொண்டு பேசினார். போன வருஷம் கிடைக்காதது இந்த வருஷம் கிடைத்தது. இதில் இனிச் சந்தேகப்பட என்ன மிச்சம் இருக்கிறது? அப்பா வாயால் கேட்பது ஒன்றுதான் பாக்கி.

பஸ் பிடித்து மன்றத்துக்குப் போனாள். தாழ்ந்த கூரை, பீர் வாசனை, ஈரக் கம்பளி வாசனை. மேடையில் ஒருவர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு எண்களைக் கூவினார். நடு மேசையில் அப்பா பிளேசரில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் மூன்று கிழவர்கள்.

“பொண்ணுக்குத் தகுதி இருக்கு, இல்லைன்னு சொல்லலை,” என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். “ஆனா தகுதி தானா நடந்து போய்க் கதவைத் தட்டாது பாரு. யாராவது கூட்டிக்கிட்டுப் போய் அறிமுகம் பண்ணணும்.”

“கர்னல் கை நீளமாச்சே,” என்றார் ஒரு கிழவர்.

“கை இல்லப்பா, நாக்கு,” என்றார் இன்னொருவர்.

எலோடி மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவள் பூட்ஸிலிருந்து பனி கரைந்து தரையில் ஓடியது. கிழவர்கள் மூவரும் ஒரே நேரத்தில் பீர்க் கோப்பைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டார்கள்.

“டன்ஸ்மோர்கிட்ட பேசினீங்களா, இல்லையா?”

“வெளியில போய்ப் பேசலாம் எலோடி.”

“இங்கயே சொல்லுங்க. இவங்களுக்குத் தெரியலாம், எனக்குத் தெரியக் கூடாதா?”

“பன்றித் தொடை! சீட்டு எண் எழுபத்தொன்று,” என்றது ஒலிபெருக்கி.

ஆர்மான் தன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் இருந்தது எழுபத்தொன்று இல்லை. “பேசினேன்,” என்றார் கடைசியில். “அவர் எடுக்கலை. செய்தி சொல்லி வெச்சேன். கொஞ்சம் நீளமா.”

“என்ன சொன்னீங்க?”

“உன் பேரைச் சொன்னேன். நீ சின்னதுல வடதுருவ மேப்பைத் தரையில விரிச்சு, கடல் பூரா நம்ம கொடியைக் குத்தினதைச் சொன்னேன். அப்புறம்…” அவர் குரல் தணிந்தது. “போன வருஷம் கிடைக்கலைன்னதும் நீ ரூமைச் சாத்திக்கிட்டு ரெண்டு நாள் சாப்பிடலைன்னு சொன்னேன்.”

“அதைப் போய் ஒரு ஜெனரல்கிட்டயா சொல்லுவாங்க?”

“வேற எதைச் சொல்லச் சொல்ற? காலுறையைப் பத்தியா?”

மூன்று கிழவர்களும் மேசையையே பார்த்தார்கள். ஆர்மான் பிளேசர் பித்தானைக் கழற்றி மறுபடி போட்டார். பிறகு தளவாடம், பாதுகாப்பு என்ற தோரணை எல்லாம் இல்லாத ஒரு சாதாரணக் குரலில் சொன்னார்:

“உனக்குக் குடுக்கறதுக்கு என்கிட்ட என்னம்மா இருக்கு? வீடு பாதி உங்கம்மாவோடது, மீதி பாதி பேங்க்கோடது. ஒரு போன் நம்பர் இருந்துது. அதைக் குடுத்தேன்.”

எலோடியின் கை அவர் தோள்வரை போயிற்று. ஆனால் அவளும் அதே வீட்டில் வளர்ந்தவள்தானே. விறைப்பு ரத்தத்தில் இருந்தது.

“அது ஒண்ணுதான்ப்பா எனக்கு வேண்டாம்னு சொன்னேன். இப்பவே போய் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வர்றேன்.”

அவர் தடுக்கவில்லை. அவள் கதவருகே போகும்போது ஒலிபெருக்கி, “பேக்கன்! கர்னல், உங்க சீட்டுதான்” என்றது. திரும்பிப் பார்த்தாள். அப்பா எழுந்திருக்கவில்லை. “கர்னல்” என்று மறுபடி கூப்பிட்டார்கள். அப்போதும் எழுந்திருக்கவில்லை. பேக்கன் இறைச்சிப் பொட்டலம் விழுந்தும் ஒருவர் எழாமல் உட்கார்ந்திருப்பதை அந்த மன்றம் அதுவரை பார்த்ததில்லை.

நகரத்துக்குப் போகும் பஸ்ஸில் எலோடி சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். கால்வாய் உறைந்து கிடந்தது. முதுகில் ஆபீஸ் பையோடு குமாஸ்தாக்கள் அதன்மேல் சறுக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை அல்லவா, அரசாங்கம் மதியமே கரைய ஆரம்பித்துவிடும்.

உதவித்தொகைப் பிரிவு மூன்றாவது மாடியில் ஒரு நடைக்கூடத்தின் கோடியில் இருந்தது. தேசப் பாதுகாப்பைப் பற்றிய ஆய்வுகளை நிர்ணயிக்கும் இடம் என்பதால், இரும்புக் கதவும் காவலாளியும் இருக்கும் என்று எதிர்பார்த்தாள். ஒரு மேசை, காலடியில் ஒரு சின்ன ஹீட்டர், வாடிய செடி, டோரீன் என்று பெயர்ப்பலகை வைத்துக்கொண்டு ஸ்வெட்டர் போட்ட ஓர் அம்மாள். அவ்வளவுதான்.

“எலோடி திபோதோவா? வாங்க, வாங்க. நேர்ல வந்த முதல் ஆள் நீங்கதான். உட்காருங்க.”

எலோடி உட்காரவில்லை. “இந்த உதவித்தொகையை நான் ஏத்துக்க முடியாது. தேர்வு நேர்மையா நடக்கலைன்னு எனக்குச் சந்தேகம்.”

டோரீன் கண்ணாடியைக் கழற்றினாள். அரசாங்கக் கட்டடத்தில் ‘நேர்மை’ என்ற சொல்லை உரக்கச் சொன்னால் விசாரணைக் குழு அமைக்க வேண்டியிருக்கும். அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“ஏன்மா அப்படிச் சொல்றீங்க?”

“பிரிகேடியர் ஜெனரல் டன்ஸ்மோர்.”

“யாரு?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்க. இன்னைக்குக் காலையில அவர் குரலை நானே கேட்டேன். திங்கட்கிழமை வருவேன்னு சொல்றார்.” எலோடி எண்ணைச் சொன்னாள்.

டோரீன் அந்த எண்ணை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் சாய்ந்தாள்.

“ஓ. ஜெராக்ஸ் ரூம் போன்.”

“என்ன?”

“பக்கத்து ரூம். ஒரு காலத்துல அவரோட ரூம். அவர் ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் இருக்கும். கடலோரத்துல எங்கயோ மீன் பிடிக்கிறார்னு கேள்வி. அப்புறம் அங்க ஜெராக்ஸ் மெஷினைக் கொண்டுவந்து வெச்சாங்க. போனை மட்டும் யாரும் பிடுங்கலை.”

“அப்போ அந்தக் குரல்?”

“குரலை மாத்தணும்னா அந்த நம்பர் யார் பேர்ல இருக்கோ அவர் கையெழுத்துப் போட்டுக் கேக்கணும். அவர்தான் மீன் பிடிக்கிறாரே. அதனால ஆறு வருஷமா திங்கட்கிழமை வந்துக்கிட்டே இருக்கார்.”

“அதுல சொல்லி வெச்ச செய்தியெல்லாம்?”

“ரகசிய எண் அவரோட போச்சு. ஒருத்தரும் திறந்ததில்ல. உள்ள எத்தனை பேர் பேசிக்கிட்டு இருக்காங்களோ, பாவம்.”

எலோடி உட்கார்ந்தாள்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் டெலிபோன் அடித்தது. டோரீன் அசையவில்லை. “இப்படித்தான் எப்பவாவது அடிக்கும். அஞ்சு அடிச்சா அடங்கிடும்,” என்றாள். அடங்கியது. எதிர்முனையில் யாரோ ஜெராக்ஸ் மெஷினுக்குச் செய்தி சொல்ல ஆரம்பித்திருப்பார்கள்.

கொஞ்ச நேரத்தில் எலோடியின் கைபேசி ஒலித்தது. அம்மா.

“எங்கடி இருக்க? அப்பா மன்றத்துலேருந்து வந்துட்டார். வந்த உடனே டை கட்டிக்கிட்டு பேஸ்மென்ட்டுக்குப் போனார்.”

“ஏன்?”

“டன்ஸ்மோருக்கு போன் பண்ண. ‘சார், என் பொண்ணுக்காக நான் பேசினதைத் தயவுபண்ணி மறந்துடுங்க. அவளோட தகுதியை மட்டும் பாருங்க. அதுவே போதும்’னு சொன்னார். சொல்லிட்டு வந்து சமையலறையில உக்காந்திருக்கார். முகம் நல்லா இல்ல.”

“நீ ஒட்டுக் கேட்டியா?”

“துணி எடுக்கப் போனேன்,” என்றாள் சொலாஞ்ச். “அப்புறம் அந்தச் சாம்பல் கார் போயிடுச்சு. நல்லதாப் போச்சு. போனை வை, பனி கொட்டுது, பார்த்து வா.”

எலோடி கைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அந்தச் சுவருக்குப் பின்னால், அவள் எட்டு வயதில் கடலில் குத்திய கொடிகளும், சாப்பிடாத இரண்டு நாளும், ‘அதுவே போதும்’ என்பதும் யாரும் திறக்காத ஒரு பெட்டிக்குள் கிடந்தன. அப்பாவிடம் இதைச் சொல்வதா? ஒரு ஜெராக்ஸ் மெஷினுக்கு முன்னால் இரண்டு தடவை டை கட்டி நின்றீர்கள் என்று ஒரு கர்னலிடம் எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால், மகளுக்கு உலகத்தை வளைத்துக் கொடுத்தவன் தான்தான் என்று அவர் காலம் பூராவும் நம்பிக்கொண்டிருப்பாரே.

அம்மாவின் குரலில் இருந்த வேறொன்றும் அவளை உறுத்தியது.

“எங்க வீட்டு எதிர்ல கார்ல ஆள் போட்டிருக்கீங்களே, அது இந்த விசாரணைக்காகத்தானே?” என்றாள் டோரீனிடம்.

“ஆளா? எங்களுக்கு ஸ்டேப்ளர் பின் வாங்கவே மூணு மாசம் ஆகுதும்மா. உதவித்தொகைக்கெல்லாம் யாரையும் விசாரிக்கறது இல்ல.”

அப்படியானால் காரில் இருந்தவன் யார்? அவன் போனதில் அம்மாவுக்கு என்ன நல்லது? பனியைப் பற்றி அவள் இன்று இரண்டு தடவை பேசிவிட்டாள். எலோடி அந்தக் கேள்வியை வீட்டுக்கு எடுத்துப் போவதற்காகத் தனியே வைத்தாள்.

இப்போதைக்கு ஒன்று நிச்சயம். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு ஜெனரலும் தலையிடவில்லை. பேராசிரியரின் தாடைச் சொறிதல் வீண். உதவித்தொகை அவள் எழுத்துக்காகவே கிடைத்திருக்கிறது. துறையைத் திட்டியும் கொடுத்திருக்கிறார்கள் என்றால், தேர்வுக் குழுவில் உண்மைக்குத் தலைவணங்கத் தெரிந்தவர்கள் யாரோ இருக்கிறார்கள். ஏழு வருஷப் படிப்பில் முதல் தடவையாக அவள் முதுகு தானாக நிமிர்ந்தது. பேனாவை வாங்கிக் கையெழுத்தைப் போட்டாள். போடும்போது பெயரின் கடைசி எழுத்தை வழக்கத்தைவிட நீளமாக இழுத்தாள். அப்பா அப்படித்தான் இழுப்பார்.

“ஒண்ணு கேக்கலாமா?” என்றாள், எழுந்து நின்று கோட்டுப் பித்தான்களைப் போட்டபடி. “போன வருஷம் என்னை நிராகரிச்சவங்க, இந்த வருஷம் அதையே தேர்ந்தெடுத்திருக்காங்க. குழுவுக்கு என் ஆய்வுல எந்தப் பகுதி பிடிச்சுதுன்னு தெரிஞ்சா, அதை இன்னும் விரிவா எழுதலாம்னு பார்க்கறேன்.”

டோரீன் ஹீட்டரை அணைத்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

“இந்த வருஷம் அறிவிப்பை வெப்சைட்ல தப்பான பக்கத்துல போட்டுட்டோம்,” என்றாள். “உதவித்தொகை எட்டு இருந்துது. விண்ணப்பம் போட்டது ஏழு பேர்.”